மெட்ராஸுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன்

மலேசியாவிலிருந்து மெட்ராஸுக்குப் போகிறவர்கள் பெட்டியில் தைல பாட்டிலும் பிஸ்கட் டின்னும் வைத்துக்கொண்டு போவார்கள். நான் தண்ணீர் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஆய்வுக்கூடத்துத் தண்ணீர், இரண்டு பாட்டில்.

இதில் கொஞ்சம் திமிர் உண்டு. என் ஊர் ஈப்போ, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே முளைப்பயறு தடித்து வருவதற்கும், காப்பி நாக்கில் நிற்பதற்கும் மலைத் தண்ணீர்தான் காரணம் என்று சீனக் கடைக்காரரிலிருந்து என் அம்மா வரை எல்லோரும் சொல்வார்கள். மெட்ராஸைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதோ வேறு. அங்கே தண்ணீர் லாரியில் வரும், வந்தாலும் வாயில் வைக்க முடியாது. குடிப்பதற்கு அங்கே ஏதாவது கிடைக்கும், வேலைக்குச் சொந்தத் தண்ணீர் என்று முடிவு செய்துகொண்டேன்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூலக்கூறு உயிரியல் படித்துவிட்டுப் புரதங்களைத் திருத்தி அமைக்கிற தொழிலுக்கு வந்தவள் நான். சலவைப் பொடியில் ஒரு என்சைம் சேர்ப்பார்கள். பால், ரத்தம், குழம்பு மாதிரியான கறைகளை அது தின்றுவிடும். அந்த என்சைம் ஒரு நீண்ட சங்கிலி. புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து நிற்கும். மடிப்பு அவிழாமல் பிடித்துக்கொள்கிற ஊக்கு கால்சியம். ஆனால் சலவைப் பொடியில், உப்புத் தண்ணீரிலும் நுரை வரவேண்டும் என்பதற்காக, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்து ஒன்றைக் கலக்கிறார்கள். அது என்சைமின் ஊக்கையும் பிடுங்கிவிடுகிறது. கொசுவம் அவிழ்ந்தால் என்சைம் செத்தது.

ஊக்கே இல்லாமல் நிற்கிற கொசுவத்தைக் கட்ட வேண்டும். நான்கு வருஷமாக அதுதான் என் வேலை. சங்கிலியில் இங்கே ஒரு கண்ணி, அங்கே ஒரு கண்ணி என்று மாற்றி முப்பதுக்கும் மேல் வகைகள் செய்தேன். ஏறக்குறைய எல்லாமே நின்றன. எனக்கே ஆச்சரியம். அவற்றில் கறையை வேகமாகத் தின்ற ஒன்றைப் பொறுக்கியெடுத்துக் கட்டுரையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் வசந்தாவின் செய்தி வந்தது. வசந்தா அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் என்னைப் போலவே வேலை பார்ப்பவள், என் வயதுதான். சிங்கப்பூரில் ஒரு மாநாட்டில் பழக்கம். தி.நகரில் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் சலவைப் பொடி முதலாளி ஒருவர் என் என்சைமை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டது அவள் மூலம்தான். அவருக்காக அவள் சோதித்துப் பார்த்தபோது என் என்சைம் செத்துப்போயிற்று. இரண்டாம் முறையும் செத்தது.

எங்கள் இயக்குநர் சீனர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "நீயே போய் அவர்கள் கண் முன்னால் செய்து காட்டு. அந்த முதலாளி சரி என்றால் உன் மேஜை உனக்கு. இல்லையென்றால் ஜனவரியிலிருந்து பாமாயில் பரிசோதனைப் பிரிவு" என்றார். பாமாயில் பரிசோதனை கேவலமான வேலை இல்லை. ஆனால் அது என் வேலை இல்லை.

முதல் நாள் விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் மயிலாப்பூர். மடியில் ஃப்ளாஸ்க், அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் என்சைம் குழாய்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா அது, கொயந்தைக்குப் பாலா?"

"பால் இல்லண்ணே. ஐஸ்."

"மலேசியாலேர்ந்து ஐஸ் எடுத்துகினு வர்றியா? இங்க இல்லாத ஐஸா?"

சைதாப்பேட்டையில் வண்டி நின்றுவிட்டது. அவர் பதறவில்லை. என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஆட்டோவை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். டேங்கின் மூலையில் ஒளிந்திருக்கும் பெட்ரோல் ஓடிவரும் என்றார். ஓடிவரவில்லை. வெயில் தலைக்கு மேல். ஃப்ளாஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எதிரே இருந்த ஜூஸ் கடையை நோக்கிக் கத்தினார்.

"நைனா! ஒரு கை ஐஸ் குடு. அம்மா மருந்து வச்சிகினு நிக்குது பாரு!"

கடைக்காரர் கோணிக்குள் இருந்த ஐஸ் பாளத்தை உடைத்து மரத்தூளோடு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் குடித்தேன். அதிலும் அதே ஐஸ்தான், மரத்தூள் மட்டும் இல்லை. எங்கள் ஊரில் யாராவது ஒரு போன் செய்து இன்னொரு வண்டியை வரவழைத்திருப்பார்கள். இங்கே அரை மணியில் பெட்ரோல் வந்தது, ஐஸ் வந்தது, என் குடும்ப வரலாறும் அந்த நடைபாதைக்குத் தெரிந்துவிட்டது.

வசந்தாவின் வீடு மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின் தெருவில், முதல் மாடி. குளத்தில் தண்ணீர் இல்லை. உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வசந்தாவும் அவள் கணவர் ராமநாதனும்தான். அவர் வங்கி அதிகாரி. வங்கியைவிடக் காப்பியில் அக்கறை அதிகம். நான் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டு, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் பார்க்கிற எவரையும் அப்படித்தான் கேட்போம்.

"பசியாறியாச்சு. இந்த வார்த்தைய இங்க யாரும் சொல்றதில்ல. இங்க கேக்கற கேள்வி வேற. பாத்துண்டே இருங்கோ" என்றார்.

போன் அடித்தது. வசந்தா எடுத்தாள். யார் என்று கூடக் கேட்கவில்லை. "தண்ணி வந்துதா?" என்றாள். அந்தப் பக்கம் அவள் அக்கா, அசோக் நகரில் இருப்பவள். அங்கே வந்துவிட்டதாம், இங்கே இன்னும் இல்லை. அப்புறம்தான் மற்ற சேதி எல்லாம். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு போனும் அப்படித்தான் ஆரம்பித்தது.

இரண்டாம் நாள் பஸ்ஸில் அடையாறு. இந்த ஊர் கண்டக்டர் எழுந்து வருவதில்லை. பின்வாசல் பக்கத்து இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். காசு கை மாறி கை மாறி அவரிடம் போகிறது, டிக்கெட் அதே வழியில் திரும்பி வருகிறது. பத்துப் பேர் கை பட்டும் ஒரு காசு குறையவில்லை. எனக்கு அந்தப் பஸ்ஸின் மேல் உடனே மரியாதை வந்துவிட்டது. மரியாதை வந்த நிமிஷம் யாரோ என் கால் சுண்டுவிரலை மிதித்தார்கள்.

ஆய்வுக்கூடம் பழைய கட்டடம், உயரமான கூரை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். சோதனை சுலபம். என்சைமையும் பொடி மருந்தையும் ஒரு சிட்டிகை அளவில் தண்ணீரில் கலந்து கொஞ்ச நேரம் சூட்டில் வைக்க வேண்டும். பிறகு அதைப் பால்பவுடர் கரைசலில் விட வேண்டும். என்சைம் உயிரோடு இருந்தால் பால் தெளிந்துவிடும். செத்திருந்தால் வெள்ளையாகவே நிற்கும்.

வெள்ளையாகவே நின்றது.

"ஐஸ் உருகிடுச்சுல்ல, அதான்" என்றேன். வசந்தா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கத்தரிக்காய்ப் பொடிக்கறியில் பாதியை எனக்கு ஒதுக்கினாள். அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அது எனக்கு சிங்கப்பூரிலேயே தெரியும்.

மூன்றாம் நாள் நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். என் பாட்டில் தண்ணீரில் ஒரு குழாய், அவர்கள் தண்ணீரில் ஒரு குழாய். மற்றதெல்லாம் ஒன்றே. இரண்டையும் ஒன்றாகச் சூட்டில் வைத்து, ஒன்றாகப் பாலில் விட்டேன். அவர்கள் தண்ணீரில் பால் அசையவில்லை. என் தண்ணீரில் கண் முன்னாலேயே தெளிந்தது.

துள்ளாத குறை. ஐஸ் மேல் பழி இல்லை, என்சைம் மேல் பழி இல்லை, என் மேலும் பழி இல்லை. "உங்க தண்ணியிலதான் ஏதோ இருக்கு" என்று பலமாகவே சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வசந்தாவின் மூக்கு சிவந்துவிட்டது. "எங்க தண்ணி மோசம்னு மலேசியாலேர்ந்து வந்துதான் சொல்லணுமா? எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சதனாலதான் மூணு தடவ காய்ச்சி வடிக்கறோம். கண்ணாடிச் சாமான் அத்தனையும் வடிச்ச தண்ணிலதான் அலசறோம். அதுல ஒண்ணும் கிடையாது, மாலதி. ஒண்ணுமே கிடையாது."

"அப்ப ஏன் சாகுது?"

"அத நீதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னை "நீங்க" என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. கோபத்திலும் ஒரு லாபம்.

சாயங்காலம் தனியாக பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். நல்ல கூட்டம். வேளாங்கண்ணி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவர்களும், மாங்காய் பத்தைக்கு மிளகாய்ப்பொடி தூவி வாங்கிக்கொண்டு போகிறவர்களும். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். பினாங்கு கடற்கரையில் இந்நேரம் வறுத்த மீஹூன், எங்கள் ஊர் அரிசிச் சேமியா, சாப்பிட்டிருப்பேன். அது பஜ்ஜியிடம் தோற்கும். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டாவது தட்டும் வாங்கினேன். பாமாயில் பிரிவு கண்ணிலிருந்து மறைந்தே போயிற்று.

நான்காம் நாள் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர்களுக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று நானே காப்பி போட்டேன். ராமநாதன் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அந்த மனிதர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எந்தக் குடத்துலேர்ந்து எடுத்தேள்?"

"நீலக் குடம்."

"நீலம் உப்புத் தண்ணின்னா! போர் தண்ணி. பாத்திரம் தேய்க்க, குளிக்க. பச்சைதான் நல்ல தண்ணி. இந்த ஊர்ல கண்ண மூடிண்டு எத வேணா எடுக்கலாம், தண்ணிய மட்டும் எந்தத் தண்ணின்னு கேக்காம எடுக்கப்படாது."

இரண்டு குடம், இரண்டு தண்ணீர். மெட்ராஸில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் ஊரில் தண்ணீர் ஒன்றுதான். குழாயைத் திறந்தால் வரும். காப்பிக்கும் அதுதான், கால் கழுவவும் அதுதான். எந்தத் தண்ணீர் என்று என் வாழ்நாளில் யாரையும் நான் கேட்டதில்லை.

அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வடிகட்டி மெஷின் ஞாபகம் வந்தது. குழாய்த் தண்ணீர் அதற்குள் போய்ச் சுத்தமாகி வெளியே வரும். அதற்குள் இருக்கிற உருளையை அவ்வப்போது மாற்ற வேண்டும். நான் சேர்ந்த பிறகு யாரும் மாற்றியதாக நினைவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர். மலைத் தண்ணீர். அந்த மலை எது? சுண்ணாம்பு மலை. சுண்ணாம்பு என்றால் கால்சியம் அல்லாமல் வேறென்ன?

பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துவந்தேன். வசந்தா இஸ்திரிப் பெட்டிக்கென்று முந்தின நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த வடித்த தண்ணீரும் வீட்டில் கொஞ்சம் இருந்தது. இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் இரண்டையும் தனித்தனியே ஊற்றி, வற்றும் வரை கொதிக்கவிட்டேன். ராமநாதன் புதிதாக டிகாக்‌ஷன் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த வசந்தாவும் வந்து நின்றாள்.

ஒரு கிண்ணத்தின் அடி பளபளவென்று இருந்தது. இன்னொன்றில் கெட்டியாக வெள்ளைப் படிவு. எங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் அம்மா புளி போட்டுத் தேய்ப்பாரே, அதே படிவு.

ராமநாதன் விரலால் சுரண்டிப் பார்த்தார். "இது எந்த ஊர் உப்புத் தண்ணி?"

"எங்க ஊர் தண்ணி, அண்ணே" என்றேன்.

வசந்தாவுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் தண்ணீர் முழுக்கக் கால்சியம். பொடி மருந்து அதைப் பிடிக்கவே சரியாகப் போய்விட்டது. என்சைமின் ஊக்கை அது தொடவே இல்லை. ஊக்கு இருந்தது, கொசுவம் நின்றது. அடையாற்றுத் தண்ணீரில் ஒன்றும் இல்லை, மருந்து நேராக ஊக்கைப் பிடுங்கியது. நான்கு வருஷமாக என் என்சைமை நிறுத்திப் பிடித்தது என் கைத்திறமை இல்லை, எங்கள் ஊர் மலை.

முப்பது வகையும் நின்றபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எதைச் செய்தாலும் ஜெயிக்கிறது என்றால் ஜெயிக்க வைப்பது நாம் இல்லை. சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

வசந்தா என் தோளைத் தொட்டாள். "நாளைக்கு அண்ணாச்சிகிட்ட நீயே சொல்றயா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

மறுநாள் தி.நகர். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நாம் நடக்க வேண்டாம், கூட்டமே நடத்திக்கொண்டுபோகும். அதைத் தாண்டி ஒரு சந்தில், பாத்திரக் கடை மாடியில் அண்ணாச்சியின் அலுவலகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சோப்பு விற்று, பிறகு சலவைப் பொடி போட ஆரம்பித்த குடும்பம். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மேஜையில் பொடிப் பொட்டலங்கள்.

"வாங்கம்மா, இரிங்க. கலர் சோடா குடிக்கியளா?"

அவர் ஒரு துணியை எடுத்து வைத்திருந்தார். தம்பி மகன் பால் கொட்டிய துணி, வேண்டுமென்றே காயவிட்டு வைத்திருக்கிறார். என் பையில் இரண்டு தண்ணீரும் இருந்தன. ஈப்போ பாட்டிலைத் திறந்தால் துணி வெளுக்கும், அவர் கையெழுத்துப் போடுவார், என் மேஜை எனக்கு. வசந்தா வாயைத் திறக்கும் முன் எல்லாம் முடிந்துவிடும். இப்படி நினைத்தது உண்மை. அந்த நினைப்பு இருக்கும்போதே கை அடையாற்றுத் தண்ணீரை எடுத்துவிட்டது. வசந்தா பக்கத்தில் இருந்ததால் எடுத்தேனா, இல்லாவிட்டாலும் எடுத்திருப்பேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எடுத்திருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

துணியில் கறை அப்படியே நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வகை, சுண்ணாம்பு, வடிகட்டி மெஷின், கிண்ணம். அவர் குறுக்கே பேசவில்லை.

"அப்ப இது ஆகாது."

"ஆகாதுங்க."

"பெறவு எதுக்கும்மா இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறி வந்திய?"

"ஆகும்னு நினைச்சுத்தாங்க வந்தேன்."

அண்ணாச்சி துணியை மடித்து ஓரமாக வைத்தார். "முப்பது செஞ்சேன்னு சொன்னியளே. மிச்சத்துல எதும் தேறுமா?"

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஈப்போ தண்ணீரில் எல்லாம் நின்றதால், வேகமான ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை உறைபெட்டியில் போட்டுவிட்டேன். அவற்றில் உண்மையாகவே நிற்கிறது ஒன்று இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் போகலாம்.

"தெரியாதுங்க" என்றேன்.

"தெரியாதுங்கிறதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுல்லா. தெரிஞ்சா சொல்லுங்க. அதுக்குள்ள வேற யாரும் கொண்டாந்தா வாங்கிக்கிடுவேன். வியாபாரம், தப்பா நினைக்கப்பிடாது." எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பொடிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்.

கீழே இறங்கியதும் அழுகை வந்துவிட்டது. ரங்கநாதன் தெருவில் நடுவழியில் நின்று அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அழுவதற்கு அதைவிட வசதியான தெரு உலகத்தில் இருக்காது. ஜனவரியில் வேறு ஒருவர் என் மேஜையில் உட்காருவார், நான் பாமாயிலின் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பேன், அதுதான் கண்ணில் நின்றது. வசந்தா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய் சூடாக ஒரு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கையில் வைத்தாள். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அதிக நேரம் அழ முடியாது.

புறப்படும் அன்று அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வெள்ளை டப்பாவோடு வந்தாள். நிறைய வடித்த தண்ணீர்.

"எங்க ஊர்லயும் இத வாங்கலாம் வசந்தா."

"வாங்கலாம். ஆனா அது எந்தத் தண்ணின்னு உனக்குத் தெரியுமா? இது செத்துப்போன தண்ணி. இதுல நின்னா நிஜமா நின்னதுன்னு அர்த்தம். மொதல்ல இதுல பண்ணு. உங்க மெஷின அப்பறம் ரிப்பேர் பண்ணிக்கோ."

ராமநாதனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மெட்ராஸ்லேர்ந்து தண்ணி ஏத்துமதி! இத யார்கிட்டயாவது சொல்லாம எப்படி ஆபீஸ் போறது?"

விமான நிலையத்தில் சோதனை அதிகாரி டப்பாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? கங்கா தீர்த்தமா?"

"இல்லைங்க, வெறும் தண்ணி. அடையாறு."

"மெட்ராஸ்லேர்ந்தா தண்ணி எடுத்துனு போறே?" பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் மோந்து பார்த்தார். பிறகு இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"உங்க ஊர்லயும் தண்ணி கஷ்டமா?" என்றார் முதலாமவர்.

"ஆமாங்க" என்றேன். அதைவிடச் சுருக்கமாக அதை எப்படிச் சொல்வது?

"பாவம்" என்று சொல்லி மூடியை இறுக்கித் திருகி, டப்பாவைத் தன் கையாலேயே தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். மெட்ராஸ்காரர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஈப்போவில் இறங்கியபோது வழக்கம்போல மழை. கூரையிலிருந்து கொட்டுகிறது, சாக்கடை நிரம்பி ஓடுகிறது, நான் நடுவில் மெட்ராஸ் தண்ணீர் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மறுநாள் இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த மெஷினை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஜனவரி வரை இருக்கிறாய் அல்லவா, செய்து பார்" என்றார்.

உறைபெட்டியிலிருந்து முப்பத்துச் சொச்சத்தையும் எடுத்தேன். கண்ணாடிச் சாமான்களை அடையாற்றுத் தண்ணீரிலேயே அலசினேன், அடையாற்றுத் தண்ணீரிலேயே கலந்தேன். வரிசையாகப் பாலில் விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளை. வெள்ளை. வெள்ளை. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் ஒரு குழாய், ரொம்ப மெதுவாக, ஓரத்திலிருந்து தெளிய ஆரம்பித்தது. மந்தம் என்று நான் முதலிலேயே ஒதுக்கிவைத்த வகை அது. நான் எழுந்திருக்கவில்லை. முழுசாகத் தெளியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூருக்குப் போன் போட்டேன். வசந்தாதான் எடுத்தாள்.

"ஒண்ணு நின்னுச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் தெருவில் யாரோ குடத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்:

"தண்ணி மிச்சம் இருக்கா?"

டப்பாவைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது.

"இருக்கு."

"அப்ப இன்னொரு தடவ பண்ணு. அப்பவும் நின்னுதுன்னா அண்ணாச்சிகிட்ட நான் போறேன்."